தங்கச்சியிடம் கேட்டீர்களா?

கேள்வி: நான் காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். எட்டு வருட அனுபவம். கல்லூரியிலிருந்து கூடவே இருக்கிற நண்பனுக்கு முதல் குழந்தை வரப்போகிறது. தங்கச்சிக்கு (அவன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஆறு மாதம் முடியப்போகிறது. அடுத்த மாதம் வளைகாப்பு. அது முடிந்ததும் தேவகோட்டையில் தாய் வீட்டுக்குப் போய்விடும். அதற்குள் பள்ளத்தூரில் உள்ள பெரியப்பா வீட்டில் வைத்து 'மெட்டர்னிட்டி ஷூட்' எடுத்துத் தரச் சொல்கிறான். போனில் நாற்பது மாதிரிப் படங்கள் வேறு அனுப்பியிருக்கிறான். அவன் அம்மாவுக்கு இதில் இஷ்டமே இல்லை, கண் பட்டுவிடும் என்கிறார்கள். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. கர்ப்பிணியைத் தனியாக வைத்து நான் எடுத்ததில்லை. எப்படி நிற்கச் சொல்வது, எந்த லென்ஸ், காசு வாங்கலாமா, அம்மாவை எப்படிச் சமாளிப்பது?
— காரைக்குடி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் மூன்று பக்கம். இடம் கருதி மேலே சுருக்கிவிட்டேன். முழுக் கடிதத்தில் நண்பனின் ஆசை ஒரு பக்கம் இருக்கிறது, அவன் அம்மாவின் கவலை அரைப் பக்கம். பள்ளத்தூர் வீட்டுத் தூணுக்கே நாலு வரி கொடுத்திருக்கிறீர்கள். தங்கச்சிக்கு ஒரே வரி: ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸ் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் இந்த வரியைக் கவனிக்க வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால், பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய தோழி ஒருத்தியை இப்படி எடுக்கப் போனேன். அவளுக்கு எட்டாம் மாதம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. மாடியைச் சுற்றி நடந்தால் கீழே கூடம் முழுக்கத் தெரியும், ஆத்தங்குடித் தரைக் கல் பூப்பூவாய் விரிந்து கிடக்கும். அதன் நடுவில் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, சேலையை விசிறி மாதிரி விரித்துவிட்டு, நான் மேலே ஓடினேன். கோணம் சரியாக வரவில்லை. படச் சட்டத்துக்குள் கைப்பிடிக் கம்பி வந்தது, நகர்ந்தேன், திரும்ப வந்தேன். நாலைந்து நிமிடம் போயிருக்கும். லென்ஸ் வழியே பார்க்கிறேன், அவள் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாய் நிற்கிறது. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ எடு" என்றாள். அவள் அக்காதான் ஓடிவந்து இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். அப்புறம் டாக்டர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். அந்த மாதத்தில் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டி ஓடுகிற பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், தலை சுற்றும்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேர்வை தெளிவாகத் தெரியும். அவளுக்குக் கொடுக்கவில்லை.

நானும் பெண், அவளும் பெண், பதினெட்டு வருடப் பழக்கம். அப்படியும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத போட்டோகிராபராக இருந்திருந்தால் "கொஞ்சம் எழுந்துக்கிறேங்க" என்று சொல்லியிருப்பாள். தோழி ஆசையாய் எடுக்கிறாளே என்று பொறுத்துக்கொண்டாள். உங்கள் தங்கச்சிக்கு இந்தச் சங்கடம் இரண்டு மடங்கு. ஒரு பக்கம் புருஷனின் ஆசை, மறு பக்கம் மாமியாரின் பயம், நடுவில் 'அண்ணே' என்று கூப்பிடுகிற நீங்கள் கேமராவோடு நிற்கிறீர்கள்.

அதனால் போய்க் கேளுங்கள். நண்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். தனியாகப் பேசுவது ஒரு மாதிரி இருக்கும் என்றால் உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது கேட்கட்டும். "எடுக்கலாமா தங்கச்சி?" என்று கேட்டால் "உங்க இஷ்டம்ண்ணே" என்றுதான் பதில் வரும், அதில் ஒரு பயனும் இல்லை. சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்தச் சேலை கட்டிக்கொள்ளப் பிரியம்? வயிறு தெரிகிற மாதிரி வேண்டுமா, முந்தானை மூடியே இருக்கட்டுமா? கூட யார் இருந்தால் தைரியமாக இருக்கும்? எந்த வீட்டில்? கடைசியாக ஒன்று சொல்லிவையுங்கள்: "வேண்டாம்னு தோணினா எனக்கு மட்டும் சொல்லு, கேமரா ரிப்பேர்னு நான் சொல்லிக்கிறேன்." பழியை நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அவருக்கு மறுக்க ஒரு வழி கிடைக்கும்.

அந்த நாற்பது மாதிரிப் படங்களையும் அவரிடமே காட்டச் சொல்லுங்கள். பாதி தானாகவே கழிந்துவிடும். அதில் நீலப் புகை, இளஞ்சிவப்புப் புகை வைத்து 'பையனா பொண்ணா' என்று அறிவிக்கிற படங்கள் இருந்தால் அவற்றை நீங்களே தள்ளிவிடுங்கள். அது வெளிநாட்டுப் பழக்கம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது இங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கர்ப்பிணி பக்கத்தில் புகை போடுவது எந்த நாட்டிலும் நல்லதில்லை.

தேதி விஷயத்தில் நண்பன் அவசரப்படுகிறான். முதல் பிள்ளைக்கு வயிறு தெரியவே நாளாகும், ஆறு மாதத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரிதான் படத்தில் இருக்கும். 28 வாரத்திலிருந்து 34 வாரம் வரைதான் நல்ல காலம். வயிறு வடிவாக இருக்கும், உட்கார்ந்து எழுவதும் ஓரளவு சுலபம். வீட்டில் சொல்லும் மாதக் கணக்கும் டாக்டர் சொல்லும் வாரக் கணக்கும் ஒன்றாக இருக்காது, வாரத்தைக் கேட்டு வாங்குங்கள். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னாடியே எடுத்துவிட வேண்டும். எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் வளைகாப்பு முடிந்து தேவகோட்டைக்குப் போன பிறகுதான் சரியான நேரம் வருகிறது. என்னைக் கேட்டால் அங்கேயே போய் எடுங்கள். தாய் வீட்டில் அவர் காலை நீட்டி உட்காருவார், அம்மாவை அதட்டுவார், பசித்தால் பசிக்கிறது என்பார். கையில் வளைகாப்பு வளையல் கிடக்கும். கண்ணாடி வளையல் அடுக்கிய கையை வயிற்றின் மேல் வைத்தாலே ஒரு படம். நண்பன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். பரவாயில்லை, பள்ளத்தூர் வீட்டைப் பெயர்சூட்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

தங்கச்சியே பள்ளத்தூர்தான் வேண்டும் என்று சொன்னால் அது வேறு விஷயம். அந்த மாதிரி வீட்டில் வெளிச்சத்துக்குக் குறையே இல்லை, ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். முதல் வேலை, யாருக்கெல்லாம் அந்த வீட்டில் பங்கு உண்டோ அவர்களிடம் நண்பன் சொல்லிவிட வேண்டும். ஷூட்டன்று காலையில் ஒரு சித்தப்பா வந்து "யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" என்றால் தங்கச்சி முகம் அன்றைக்குத் தேறாது. இரண்டாவது, விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாள் முன்னால் திறந்து கூட்டிக் காற்றாட விடுங்கள். வௌவால் நாற்றம் உங்களுக்கும் எனக்கும் பழகிப்போகும், பிள்ளைத்தாய்ச்சிக்குக் குமட்டும். கூட்டினால் போதும், காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவவோ தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கவோ வேண்டாம். ஆத்தங்குடிக் கல்லை வார்ப்பதே கண்ணாடித் தகட்டின் மேல்தான், அந்த வழவழப்பு இயல்பிலேயே உண்டு. ஈரமோ எண்ணெயோ பட்டால் வழுக்கும்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். அந்த நேரத்தில் வெயில் மேற்குப் பக்கத்து ஓட்டின் மேல்தான் இருக்கும், வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள் இறங்காது. வானத்து வெளிச்சம் மட்டும் மெத்தென்று இறங்கும். அவரை வளவின் நடுவில் நிறுத்தாதீர்கள். வளவைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தில், நிழல் தொடங்கும் கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே, தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, முகம் வானவெளியைப் பாதி பார்க்கிற மாதிரி திருப்புங்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து வயிற்றின் வளைவில் மெதுவாகத் தேய்ந்து மறுபக்கம் நிழலாகும். வயிற்றின் உருண்டையைக் காட்டுவது அந்த நிழல்தான். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் ஃப்ளாஷை நேரே அடித்தீர்கள் என்றால் உருண்டை தட்டையாகிவிடும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழவழச் சுவரும் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும்.

தரைக் கல் சிவப்பும் பச்சையுமாக இருந்தால் அந்த நிறம் தாடைக்கு அடியிலும் வயிற்றுக்கு அடியிலும் ஏறும். அதற்கு ஒரு எட்டு முழ வேட்டி போதும். படச் சட்டத்துக்கு வெளியே தரையில் விரித்துவிடுங்கள், நிறமும் ஏறாது, கீழிருந்து கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்கும். ஆனால் அவர் நடக்கிற வழியில் விரிக்காதீர்கள், கால் தடுக்கும். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கேமரா படத்தை மங்கலாக்கிவிடும் என்று உங்களுக்குத் தெரியும், வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் வரை கூட்டிவையுங்கள். லென்ஸ் 85 மி.மீ. இருந்தால் அது, இடம் போதாவிட்டால் 50 மி.மீ. அகலக் கோண லென்ஸோடு கிட்டே போனால் வயிறு பலூன் மாதிரி ஊதிக்கொள்ளும். அப்படி ஒரு படத்தைப் பார்த்து எந்தப் பெண்ணும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இருவரையும் சேர்த்து எடுக்கும்போது லென்ஸ் திறப்பின் எண் எஃப் 4-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஒருவர் கண் தெளிவாகவும் இன்னொருவர் கண் கரைந்தும் இருப்பது காதுகுத்துக்குப் பரவாயில்லை, இதற்கு ஆகாது.

சேலை அவர் இஷ்டம். கேட்டால் மட்டும், கண்டாங்கி என்று சொல்லுங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது என்ற பெருமைக்காகச் சொல்லவில்லை. கண்டாங்கியின் கட்டமும் கோடும் நேர்கோடாக இறங்கிவந்து வயிற்றில் வளையும். அந்த வளைவு பட்டில் வராது. பருத்தி என்பதால் அவருக்கும் புழுக்கம் இருக்காது. இன்னொரு சின்ன விஷயம், ஆண்கள் யாரும் யோசிக்க மாட்டார்கள்: உள்பாவாடை நாடாவின் தடம். வயிறு தெரிகிற படம் வேண்டும் என்று அவரே சொன்னால், முக்கால் மணி நேரம் முன்னாலிருந்து நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தோலில் சிவப்பாக ஒரு கோடு நிற்கும். இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் அக்காவோ அம்மாவோ சொல்லட்டும். விரல் வீங்கியிருந்தால் மோதிரத்தை மாட்டச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம்.

எப்படி நிற்கச் சொல்வது என்ற உங்கள் கூச்சத்துக்கு என்னிடம் ஒரே மருந்துதான். தொடாதீர்கள், செய்து காட்டுங்கள். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் இடுப்பில் ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை வைத்து, கொஞ்சம் பின்னால் சாய்ந்து நின்று காட்டுங்கள். "அண்ணே, உங்களுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டுச் சிரிப்பார். நண்பன் இன்னும் சத்தமாகச் சிரிப்பான். அதற்குள் கேமராவை எடுத்துவிடுங்கள். கொசுவம் சரிசெய்வது, முந்தானை இழுத்துவிடுவது எல்லாம் கூட வந்த பெண்களின் வேலை. கால் மணிக்கு ஒரு தடவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். உட்காரும் இடம் திண்ணையாக இருக்கட்டும். முதுகுக்குத் தூண் இருக்கும், காலைத் தொங்கவிடலாம். தரையில் உட்காரச் சொன்னால் எழுப்புவதற்கு இரண்டு பேர் வேண்டும். படுக்கவைத்தே ஆகவேண்டும் என்றால் இடப்பக்கமாக ஒருக்களித்து, தலையணை கொடுத்து, ஒரு நிமிடம்தான்.

நண்பனை என்ன செய்வது? வயிற்றில் காது வைத்துக் கேட்கிற படம் அவன் அனுப்பிய நாற்பதில் கண்டிப்பாக இருக்கும். எடுத்துக் கொடுங்கள், ஆசைப்படுகிறான். ஆனால் நடுவில் அவன் கையில் ஒரு தட்டு வெள்ளைப் பணியாரத்தைக் கொடுத்துத் தங்கச்சி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் பத்தடி தள்ளிப் போய்விடுங்கள். அவன் ஊட்டுவானோ, அவனே தின்பானோ, எது நடந்தாலும் படம்தான்.

இப்போது அம்மா விஷயம். 'சமாளிப்பது' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தலைப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று கவலைப்படுகிறார்கள். கண் படும் என்பதை நான் நம்பவில்லை, ஆனால் அவர்களோடு வாதாடி ஜெயிக்கவும் மாட்டேன். நன்றாகக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்குப் பயம் கேமராமேல் இருக்காது. படத்தை ஊர் பார்க்கும் என்பதில்தான் இருக்கும். அப்படியானால் வழி சுலபம். பிள்ளை பிறக்கும்வரை ஒரு படம்கூட வெளியே போகாது என்று நண்பனை வைத்துக்கொண்டே வாக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், உங்கள் ஸ்டூடியோ விளம்பரம் எதுவும் கிடையாது. எடுத்து முடித்ததும் "அம்மா, சுத்திப் போட்டுருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். மிளகாயும் உப்பும் கையில் வைத்துச் சுற்றுகிற அந்தக் கையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: "அம்மா, உங்க வளைகாப்புப் படம் இருக்கா?" கர்ப்பிணியைப் படம் எடுப்பது நேற்று வந்த வழக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த சடை தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அந்த வீட்டிலும் இருக்கலாம். இருந்தால், அதைத் தங்கச்சியின் மடியில் வைத்துவிட்டு அதே மாதிரி ஒன்று எடுக்கலாமா என்று அம்மாவையே கேளுங்கள். பூ வைத்துவிடுகிறவர் அவராகத்தான் இருப்பார். நேரே தெரிகிற முகமும் கண்ணாடிக்குள் தெரிகிற சடையும் ஒரே தூரத்தில் இல்லை. கண்ணாடி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தைப் போக வரக் கூட்டித்தான் லென்ஸ் கணக்குப் போடும். அதனால் எஃப் 8-க்கு மேல் வைத்து முக்காலியில் எடுங்கள். பெல்ஜியம் கண்ணாடி ரசம் போயிருந்தால் அந்தப் புள்ளிகளைப் பிறகு கம்ப்யூட்டரில் துடைக்க வேண்டாம்.

காசு. வாங்க வேண்டாம், ஆனால் சும்மாவும் செய்யாதீர்கள். அண்ணன் தம்பிக்குள்கூட மொய் நோட்டில் எழுதிவைக்கிற ஊர் நம்முடையது. உங்கள் உழைப்பு உங்கள் சீர், ஆல்பம் அச்சடிக்கிற செலவு அவனுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை படம், எப்போது தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முப்பது படம் போதும். நண்பன் என்பதால் எண்ணூறு படத்தையும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்காதீர்கள். கண்ணை மூடியது, அசந்துபோய் நின்றது எல்லாம் அதில் இருக்கும். முதலில் தங்கச்சி பார்க்கட்டும், அவர் வேண்டாம் என்று சொல்வதை அழித்துவிடுங்கள். ஸ்கேன் படத்தைக் கையில் பிடித்து எடுத்திருந்தால் அதில் உள்ள பெயர், ஆஸ்பத்திரி எண் தெரியாத மாதிரி விரலால் மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதக் கையே வரவில்லை, இருந்தாலும் எழுத வேண்டும். எல்லாப் பிரசவமும் நினைத்தபடி அமைவதில்லை. அப்படி ஏதாவது ஆனால் படங்களை அனுப்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள். ஒருநாள் அவர்களே கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

தங்கச்சி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அப்புறம், பள்ளத்தூர் வீடுதான் என்று முடிவானால் தூண்களை எண்ணுவதற்கு முன்னால் கழிவறை எந்தக் கட்டில், அதாவது வீட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் அது கடைசிக் கட்டையும் தாண்டிக் கொல்லையில் இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை அவர் அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.